ஒரே வீதியைச் சுற்றிச் சுற்றி வந்த கார்கள்: அமெரிக்க 'க்ரூஸிங்' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் இளமைக் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், பலருடைய பேச்சு எப்படியோ ஒரு காரில் வந்து நிற்கும். பள்ளிக்கூடமும் ஆசிரியர்களும் மறந்துபோயிருக்கலாம். முதன்முதலில் ஓட்டிய காரின் நிறமும், சனிக்கிழமை இரவு அதில் சுற்றிய வீதியின் பெயரும் மறப்பதில்லை. அந்த வழக்கத்தைப் பற்றியும், அதற்காக இன்றுவரை நீடிக்கும் ஏக்கத்தைப் பற்றியும் நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கேள்வி: க்ரூஸிங் என்றால் என்ன? காரில் ஊர் சுற்றுவதுதானே?

ஊர் சுற்றுவதுதான், ஆனால் ஊர் முழுவதையும் சுற்றுவதில்லை. வெள்ளி, சனி இரவுகளில் ஊரின் முக்கிய வீதியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக ஓட்டிச் சென்று, அங்கே திரும்பி, வந்த வழியே மீண்டும் வந்து, நள்ளிரவு வரை இதையே செய்துகொண்டிருப்பதற்குத்தான் அந்தப் பெயர். வீதியின் நீளம் பெரும்பாலும் சில கிலோமீட்டர்தான் இருக்கும். திரும்பும் இடம், காரிலிருந்து இறங்காமலே சாப்பிடக்கூடிய டிரைவ்-இன் உணவகமாக அமைந்துவிடும். போய்ச் சேர வேண்டிய இடம் என்று எதுவும் கிடையாது. எதிரே வரும் கார்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதும், தாங்கள் பார்க்கப்படுவதும்தான் முழு நோக்கம். தேரைப் பார்க்க வந்த கூட்டமே தேராகவும் ஊர்ந்தது என்று சொன்னால் நம்மவர்களுக்கு உடனே விளங்கும்.

கேள்வி: இது ஏன் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அவ்வளவு பெரிய வழக்கமாக வளர்ந்தது?

பல காரணங்கள் ஒரே சமயத்தில் கூடிவந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கக் குடும்பங்கள் கார்களை வாங்கிக் குவித்தன. 1955 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 80 லட்சம் புதிய கார்கள் விற்பனையாயின. புதுக் கார் வாங்கியவர்கள் பழையதை விற்றாக வேண்டும் என்பதால், ஓடக்கூடிய பழைய கார்கள் பள்ளி மாணவர்களின் கைக்கு எட்டும் விலையில் கிடைத்தன. பெரும்பாலான மாநிலங்களில் 16 வயதில் ஓட்டுநர் உரிமம் கிடைத்தது. புறநகர்களில் வீடுகள் பெருகிய அளவுக்கு, பிள்ளைகள் கூடுவதற்கான இடங்கள் பெருகவில்லை. மதுக்கூடத்துக்குள் அவர்களை விடமாட்டார்கள், வீட்டிலோ பெற்றோர் இருந்தார்கள்.

பெட்ரோல் விலையை ஒரு சிறு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 1962 இல் ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் அளவு, சுமார் 31 சென்டுக்கு விற்றது. அப்போது கூட்டாட்சி அரசு நிர்ணயித்திருந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலர் 15 சென்ட். ஒரு மணி நேர வேலைக்குக் கிட்டத்தட்ட 14 லிட்டர் பெட்ரோல் கிடைத்தது என்று ஆகிறது. அந்தக் காலத்துக் கனத்த கார்கள் லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான் ஓடின என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மணி நேர உழைப்பில் 70 முதல் 85 கிலோமீட்டர் சுற்றலாம். மூன்று கிலோமீட்டர் வீதியில் அது ஓர் இரவு முழுவதற்கும் போதும். கடைகளில் பகுதிநேரமாக வேலை செய்த பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு அந்தக் குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைத்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் காரில் ஏறும் நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை போட்டுப் பெட்ரோல் நிரப்பும் பழக்கம் எங்கும் இருந்தது.

கேள்வி: ஓர் இரவு எப்படிப் போகும்?

பிற்பகலிலேயே காரைக் கழுவி மெழுகு தேய்ப்பதில் தொடங்கும். அந்தக் கார்களின் முன்னிருக்கை இரண்டாகப் பிரிந்திருக்காது. சோபாவைப் போல ஒரே நீளமாக இருக்கும். பலவற்றில் கியர் தண்டு ஸ்டியரிங் கம்பத்திலேயே பொருத்தப்பட்டிருந்ததால் நடுவில் தடையேதும் இல்லாமல் மூன்று பேர் நெருக்கியடித்து உட்காரலாம். நடுவில் உட்காருபவர் யார் என்பதை வைத்தே எதிர்க் காரில் வருபவர்கள் அந்த வார நிலவரத்தைத் தெரிந்துகொண்டார்கள். சென்ற வாரம் நடுவில் இருந்த பெண் இந்த வாரம் சன்னலோரம் உட்கார்ந்திருந்தால், திங்கட்கிழமை பள்ளியில் பேசுவதற்கு விஷயம் கிடைத்தாயிற்று.

வீதியில் இறங்கியதும் எதிரே வருபவர்களுக்கு முகப்பு விளக்கை அணைத்தெரிப்பதும், ஹாரன் அடிப்பதும், சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரோடு கண்ணாடியை இறக்கிப் பேசுவதும் வழக்கம். சிக்னல் பச்சையாவதற்குள் எல்லாக் கதவுகளையும் திறந்து இறங்கி, காரை ஒரு சுற்று ஓடிவந்து வேறு வேறு இருக்கைகளில் ஏறிக்கொள்ளும் விளையாட்டும் உண்டு. பின்னால் நிற்கும் பெரியவர்களுக்கு அது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

டிரைவ்-இன் உணவகத்தில் காரை நிறுத்தி விளக்கைப் போட்டால் பரிமாறும் பெண் வருவார். சில இடங்களில் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வருவார். அவர் கொண்டுவரும் அலுமினியத் தட்டின் ஓரத்தில் இரண்டு கொக்கிகளும், கதவில் ஊன்றிக்கொள்ள ரப்பர் முனையுள்ள ஒரு முட்டுக்கம்பியும் இருக்கும். சன்னல் கண்ணாடியை முழுவதும் இறக்காமல் சில அங்குலம் மேலே விட்டுவைத்தால்தான் கொக்கி பிடிக்கும். கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் நான் சில ஆண்டுகள் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்படியொரு தட்டைத் தன் கார் கொட்டகையில் ஆணியில் மாட்டிவைத்திருந்தார். ஒரு நாள் அதை என் காரின் கண்ணாடியில் மாட்டிக் காட்ட முயன்றார். இக்காலக் கார்களின் கண்ணாடி வளைவாகவும் சாய்வாகவும் இருப்பதால் தட்டு ஒரு பக்கம் இறங்கியே நின்றது. அதன்மேல் வைத்த காப்பிக் கோப்பை மெல்ல நழுவி என் மடிக்கு வந்தது. "உன் காரில் நீ எங்கேயாவது போகத்தான் முடியும்" என்று அவர் சிரித்தார். பரிகாசம்தான் என்றாலும், இரண்டு காலங்களுக்கும் உள்ள வேறுபாட்டை நான் படித்த பல கட்டுரைகளைவிட அது தெளிவாகச் சொல்லியது.

கேள்வி: வானொலிக்கு இதில் என்ன பங்கு?

மிகப் பெரிய பங்கு. ஐம்பதுகளின் கார் வானொலிகள் பெரும்பாலும் வால்வு வகையைச் சேர்ந்தவை. குமிழைத் திருகினால் வால்வுகள் சூடேறிய பிறகுதான் சத்தம் வரும். ஊரில் பிள்ளைகள் கேட்கும் நிலையம் ஒன்றோ இரண்டோதான் என்பதால், வீதியில் ஊரும் பெரும்பாலான கார்களில் ஒரே பாட்டு ஒரே நேரத்தில் ஒலித்தது. கண்ணாடிகள் இறங்கியிருக்கும் கோடை இரவில் நடைபாதையில் நிற்பவர், ஒரு காரில் பாட்டின் முதலடியையும் அடுத்த காரில் இரண்டாம் அடியையும் கேட்டுக்கொண்டே நிற்கலாம். பழைய ஆட்கள் அந்தப் பாட்டுகளைக் கேட்டதும் கண் கலங்குவதற்குப் பாட்டின் தரம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

இரவில் மத்திய அலை ஒலிபரப்பு அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் செல்லும். அமெரிக்காவில் ஒரு நிலையத்துக்கு 50,000 வாட்தான் உச்சவரம்பு. எல்லைக்கு அப்பால், மெக்சிகோவின் சியுதாத் அகுன்யாவில் இயங்கிய எக்ஸ்.இ.ஆர்.எஃப். நிலையத்துக்கு 250,000 வாட் திறன் இருந்தது. அறுபதுகளில் அங்கிருந்தும், பின்னர் டிஹுவானாவை அடுத்து இயங்கிய எக்ஸ்.இ.ஆர்.பி. நிலையத்தின் வழியாகவும் ஓநாயைப் போல ஊளையிட்டுப் பேசிப் புகழ்பெற்றவர் உல்ஃப்மேன் ஜாக். இயற்பெயர் ராபர்ட் ஸ்மித். முகம் தெரியாத அந்தக் கரகரத்த குரல் வெள்ளையருடையதா, கறுப்பினத்தவருடையதா என்பதே கேட்டவர்களுக்குப் புதிராக இருந்தது. வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளின் கார்களுக்குள் கறுப்பின இசையைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் இத்தகைய எல்லை நிலையங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

கேள்வி: க்ரூஸிங்கும் தெருப் பந்தயமும் ஒன்றா?

இரண்டும் ஒன்றல்ல, ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஒரு சிவப்பு விளக்கு போதும். பக்கத்தில் நிற்பவர் எஞ்சினை உறுமவிட்டால் அது அழைப்பு. பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருண்ட நேர்ச்சாலைக்குப் போய்த்தான் தீர்த்துக்கொள்வார்கள். இந்த ஆபத்தை ஒழுங்குக்குள் கொண்டுவரத்தான் 1951 இல் வாலி பார்க்ஸ், வேகத்துக்காக மாற்றியமைத்த 'ஹாட் ராட்' கார்களுக்கான தேசியச் சங்கத்தைத் தொடங்கினார்.

டெட்ராய்ட் நகரின் உட்வர்ட் அவென்யூ மட்டும் தனிக் கதை. அமெரிக்காவின் கார்கள் உருவான ஊரே அது என்பதால், வீதியில் பக்கத்தில் நிற்கும் கார் பதினேழு வயதுப் பையனுடையதாகவும் இருக்கலாம், நிறுவனத்துப் பொறியாளர் இன்னும் சந்தைக்கு வராத எஞ்சினைச் சோதித்துப் பார்க்க எடுத்துவந்ததாகவும் இருக்கலாம். பொன்டியாக் ஜி.டி.ஓ. 1964 மாடலாக வெளிவந்தபோது, அந்த நிறுவனத்தின் விளம்பரங்களைக் கவனித்துவந்த ஜிம் வாங்கர்ஸ் உட்வர்டில் ஓடிய கார்களைப் பார்த்துத்தான் இளைஞர்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டார். சந்தை ஆய்வுக்கு அதைவிட மலிவான வழி இருந்திருக்க முடியாது.

கேள்வி: மொடெஸ்டோ என்ற ஊரின் பெயர் ஏன் எப்போதும் அடிபடுகிறது?

திரைப்பட இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் பிறந்து வளர்ந்த ஊர் அது. மத்தியப் பள்ளத்தாக்கில் வயல்களும் பழத்தோட்டங்களும் சூழ்ந்த ஊர். பத்தாம் தெருவும் பதினோராம் தெருவும் அங்கே சுற்றுப்பாதையாக இருந்தன. லூகாஸே கார்ப் பித்துப் பிடித்த பையன்தான். 1962 ஜூன் 12 அன்று, பள்ளிப் படிப்பு முடிய ஒருசில நாள்களே இருந்தபோது, அவர் ஓட்டிச் சென்ற சிறிய பியாங்கினா காரின்மேல் இன்னொரு கார் மோதியது. கார் உருண்டபோது இருக்கைப் பட்டை அறுந்து அவர் வெளியே தூக்கி எறியப்பட்டார். கார் ஒரு மரத்தில் மோதி நொறுங்கியது. அறுந்த பட்டைதான் அவரைக் காப்பாற்றியது.

அவர் 1973 ஆகஸ்டில் வெளியிட்ட 'அமெரிக்கன் கிராஃபிட்டி' 1962 ஆம் ஆண்டின் ஓர் இரவில் நடக்கும் கதை. இதில் எனக்கு வியப்பளிப்பது, கதை நடக்கும் காலத்துக்கும் படம் வெளிவந்த காலத்துக்கும் இடையில் பதினோரு ஆண்டுகள்தான் இருந்தன என்பது. இருபத்தொன்பது வயதுக்காரர் ஒருவர், தன் பதினெட்டு வயதை மீட்க முடியாத பொற்காலமாகப் படமாக்கினார். நாடே அதை ஒத்துக்கொண்டு அழுதது. நடுவில் கென்னடி கொலையும் வியட்நாம் போரும் வந்துபோயிருந்ததால், பதினோரு ஆண்டுகள் ஒரு யுகமாகத் தோன்றின. படம் பெரும்பாலும் பெட்டலூமாவில் எடுக்கப்பட்டது. டிரைவ்-இன் காட்சிகளுக்குப் பயன்பட்ட சான் பிரான்சிஸ்கோ உணவகம் பிறகு இடிக்கப்பட்டது. படம் வெளிவந்த இரண்டே மாதங்களில், அக்டோபரில், அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை தொடங்கியது.

இன்று மொடெஸ்டோவில் செவ்ரோலே காரில் சாய்ந்து நிற்கும் ஒரு பையனுக்கும் பெண்ணுக்கும் வெண்கலச் சிலை இருக்கிறது. அதே ஊர் பின்னாளில் க்ரூஸிங்கைச் சட்டம் போட்டுத் தடுத்தது. சிலை எந்தச் சுற்றும் சுற்றுவதில்லை என்பதால் ஊருக்குத் தொந்தரவு இல்லை.

கேள்வி: லோரைடர் என்கிற தாழ்ந்த கார்கள் எங்கிருந்து வந்தன?

தெற்குக் கலிஃபோர்னியாவிலும் தென்மேற்கு மாநிலங்களிலும் வாழ்ந்த மெக்சிக்க வழி அமெரிக்க இளைஞர்களிடமிருந்து வந்தன. க்ரூஸிங் வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மற்றவர்கள் காரின் பின்பக்கத்தைத் தூக்கி வேகத்தைக் கூட்டினார்கள். இவர்கள் காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்தார்கள். ஆரம்ப நாள்களில் டிக்கியில் மணல் மூட்டையையோ சிமெண்ட் மூட்டையையோ போட்டுத் தாழ்த்தினார்கள். பிறகு சுருள்வில்லை வெட்டினார்கள். 'பஹீத்தோ இ சுவாவெசீத்தோ' என்பது அவர்களின் மந்திரம்: தாழ்வாக, மெல்ல.

ஐம்பதுகளின் இறுதியில் கலிஃபோர்னியா ஒரு விதி கொண்டுவந்தது. சக்கர வளையத்தின் அடி விளிம்பைவிடக் காரின் வேறெந்தப் பகுதியும் தாழ்வாக இருக்கும்படி மாற்றியமைக்கக் கூடாது என்று அது சொன்னது. இந்த விதியைக் கொண்டு போலீஸ்காரர் யாரை நிறுத்துவார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 1959 இல் ரான் அகீரே என்ற இளைஞர் தன் கார்வெட் காரில் விமானங்களின் உபரிப் பாகங்களைக் கொண்டு ஹைட்ராலிக் அமைப்பைப் பொருத்தினார். டிக்கியில் பம்ப்பும் பேட்டரிகளும், சக்கரங்களுக்கு மேலே எண்ணெய் அழுத்தத்தில் நீளும் உருளைகளும், ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் சுவிட்சுகளும் இருக்கும். சுவிட்சைத் தட்டினால் எண்ணெய் பாய்ந்து கார் எழும்பும்; அடைப்பானைத் திறந்து அழுத்தத்தை விடுவித்தால் இறங்கும். போலீஸ் கார் கண்ணில் பட்டதும் சட்டம் சொல்லும் உயரத்துக்கு எழும்பி, அது கடந்து போனதும் மறுபடி தாழ்ந்துகொள்ள முடிந்தது. சட்டத்தை மீறாமலேயே அதை நையாண்டி செய்யக் கற்றுக்கொண்ட தொழில்நுட்பம் இது.

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் விட்டியர் பூல்வார்டு இவர்களின் ராஜவீதி. 1958 முதல் 1964 வரையிலான செவ்ரோலே இம்பாலாக்களை இவர்கள் விரும்பியதற்கு அழகு மட்டும் காரணமில்லை. அவற்றின் அடிச்சட்டம் ஆங்கில 'எக்ஸ்' எழுத்தைப் போல நடுவில் ஒடுங்கியிருந்ததால் பக்கங்கள் நன்றாகத் தாழ்ந்தன. இம்பீரியல்ஸ் கார்க் கழகத்தைச் சேர்ந்த ஹெசூஸ் வலதேஸ் உருவாக்கிய 'ஜிப்சி ரோஸ்' என்ற 1964 இம்பாலா, இளஞ்சிவப்பு வண்ணத்தின்மேல் கையால் வரைந்த ரோஜாக்களால் உடல் முழுவதும் நிறைந்தது. உள்ளே சின்னச் சரவிளக்குகூட உண்டு. 2017 இல் அது தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டு, வாஷிங்டனில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காட்டப்பட்டது. எந்த வகைக் கார்களைத் தெருவில் நிறுத்திச் சோதித்தார்களோ, அதே வகைக் கார் நாடாளுமன்றக் கட்டிடத்தின் எதிர்ப்புல்வெளியில் நின்றது.

கேள்வி: எல்லாரும் சேர்ந்து மகிழ்ந்த காலம் என்று சொல்கிறார்களே, அது உண்மையா?

எல்லாரும் என்ற சொல்லைக் கவனமாகக் கையாள வேண்டும். பதினாறு வயதில் ஒரு காரும், பயமில்லாமல் நிறுத்த ஓர் உணவகமும் யாருக்குக் கிடைத்தன என்பதைப் பொறுத்தது அது. கறுப்பினப் பயணிகள் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்லும் 'பச்சைப் புத்தகம்' 1936 முதல் அறுபதுகளின் நடுப்பகுதி வரை அச்சாகிக்கொண்டிருந்தது. க்ரூஸிங்கின் பொற்காலம் முழுவதும் அதற்கு வாங்குவோர் இருந்தார்கள்.

டிரைவ்-இன் உணவகத்தைப் பற்றியே ஒரு புகழ்பெற்ற வழக்கு உண்டு. தென் கரோலினாவின் பிகி பார்க் என்ற உணவகக் குழுமம் கறுப்பினத்தவருக்குப் பரிமாற மறுத்தது. 1964 ஆம் ஆண்டின் சிவில் உரிமைகள் சட்டம் வந்த பிறகும், வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் அந்த வளாகத்துக்குள் உட்கார்ந்து உண்பதில்லை என்பதால் டிரைவ்-இன் அச்சட்டத்துக்குள் வராது என்று கீழ்நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1968 இல் உச்ச நீதிமன்றம், வழக்குத் தொடுத்தவர்களுக்கு வழக்குச் செலவு கிடைக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. காருக்குள் உட்கார்ந்து சாப்பிடும் அந்த இனிய வழக்கமே, ஒருவரை வெளியே நிறுத்தும் சட்ட வாதமாகவும் பயன்பட்டது.

பெண்களைப் பொறுத்தவரை, ஓட்டியவர்களும் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலான நினைவுகளில் பெண் பக்கத்து இருக்கையில் அமர்ந்தோ, தட்டைச் சுமந்தோ வருகிறார். நாள் முழுவதும் சிரித்துக்கொண்டே ஓடிப் பரிமாறிய பெண்களின் கால்வலியைப் பற்றி ஏக்கக் கட்டுரைகள் அதிகம் பேசுவதில்லை.

கேள்வி: ஆபத்தாக இருந்திருக்குமே?

இருந்தது. இருக்கைப் பட்டைகள் புதிய கார்களில் கட்டாயமானதே 1968 இல்தான். அதற்குப் பிறகும் பலர் அணிந்ததில்லை. அமெரிக்கச் சாலைகளில் ஓராண்டில் மிக அதிகமானோர் இறந்தது 1972 இல். 54,000 பேருக்கு மேல். பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அந்தப் புகையைத்தான் நள்ளிரவு வரை கண்ணாடியை இறக்கிவைத்துக்கொண்டு சுவாசித்தார்கள்.

கேள்வி: எப்போது முடிந்தது? 1973 எண்ணெய் நெருக்கடிதானே காரணம்?

அப்படித்தான் பலரும் சொல்கிறார்கள், ஆனால் அது முழுமையான விடையில்லை. 1973 இல் கேலனுக்கு 39 சென்டாக இருந்த சராசரி விலை அடுத்த ஆண்டில் 53 சென்டானது, பெட்ரோல் நிலையங்களில் வரிசைகள் நீண்டன, 1974 இல் நாடு முழுவதும் வேகவரம்பு மணிக்கு 88 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்பவர்களுக்கு வேகவரம்பால் என்ன நட்டம்? லாஸ் ஏஞ்சலஸின் வேன் நைஸ் பூல்வார்டில் எழுபதுகளின் இறுதி வரை புதன்கிழமை இரவுகளில் கார்கள் நகர இடமில்லாமல் நின்றன. அந்தத் தலைமுறையில் பலர் கார்களுக்குப் பதிலாக உள்ளே கம்பளம் விரித்த வேன்களை ஓட்டினார்கள்.

வழக்கத்தை உண்மையில் முடக்கியவை இரண்டு. கடைகள் ஊர்மையத்தை விட்டுப் புறநகர் வணிக வளாகங்களுக்கு இடம்பெயர்ந்ததால், பழைய வீதிகள் இரவில் வெறிச்சோடின. பார்க்கப்படுவதற்கு ஆளில்லாத வீதியில் யார் சுற்றுவார்கள்? மற்றொன்று, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஊருக்கு ஊர் வந்த தடைச் சட்டங்கள்.

கேள்வி: காரை ஓட்டுவதைச் சட்டம் எப்படித் தடுக்க முடியும்?

நல்ல கேள்வி. நீதிமன்றத்திலும் இதைத்தான் கேட்டார்கள். பென்சில்வேனியாவின் யார்க் நகரச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட சில வீதிகளில் ஓரிடம் சோதனைப் புள்ளியாகக் குறிக்கப்படும். மாலை 7 மணிக்கும் பின்னிரவு 3.30 மணிக்கும் இடையில், இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு முறைக்கு மேல் அந்தப் புள்ளியைக் கடந்தால் குற்றம். பேருந்துகளுக்கும் அவசர ஊர்திகளுக்கும் விலக்கு உண்டு. வழக்குத் தொடுத்தவர்கள், ஊருக்குள் தடையின்றிப் போய்வருவது குடிமக்களின் உரிமை என்று வாதிட்டார்கள். 1990 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படியொரு உரிமை இருப்பதை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட கையோடு, நெரிசலைக் குறைக்க நகரம் விதித்த இந்தக் கட்டுப்பாடு நியாயமானதே என்று சட்டத்தையும் நிலைநிறுத்தியது.

தடைகளுக்கு நெரிசல், குப்பை, சண்டை என்று சொல்லப்பட்ட காரணங்கள் பொய்யல்ல. வீதியோரத்தில் குடியிருந்தவர்களுக்குத் தூங்கும் உரிமை உண்டு. ஆனால் கணக்குப் பார்த்தால், தொண்ணூறுகளில் நகர மன்றங்களில் கை தூக்கும் வயதில் இருந்தவர்கள், அறுபதுகளில் அதே வீதிகளில் சுற்றிய தலைமுறையினர்தான் என்பது உறுத்துகிறது.

கலிஃபோர்னியாவில் லோரைடர் கழகங்கள் பல ஆண்டுகள் போராடின. 2022 இல் சாக்ரமென்டோவும் சான் ஹொசேயும் தங்கள் தடைகளை நீக்கின. அடுத்த ஆண்டு, சான் டியேகோவுக்குத் தெற்கே உள்ள நேஷனல் சிட்டியும் நீக்கியது. 2023 அக்டோபரில் ஆளுநர் கையெழுத்திட்ட சட்டம், உள்ளூர் தடைகளுக்கான அதிகாரத்தையும், காரின் உயரத்தைப் பற்றிய அந்தப் பழைய விதியையும் ஒருசேர நீக்கியது. 2024 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது.

கேள்வி: இப்போது நேரில் பார்க்க விரும்பினால் எங்கே போகலாம்?

மிகப் பெரியது டெட்ராய்டின் 'உட்வர்ட் டிரீம் க்ரூஸ்', ஆகஸ்டின் மூன்றாம் சனிக்கிழமை. ஃபெர்ன்டேல் என்ற சிறு நகரில் சிறுவர்களுக்கான கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்ட 1995 இல் தொடங்கினார்கள். முப்பது, நாற்பதாயிரம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள். அடக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால், லாஸ் ஏஞ்சலஸ் அருகே பர்பாங்கில் 1949 முதல் இயங்கும் பாப்ஸ் பிக் பாய் உணவகத்தின் வாகன நிறுத்துமிடத்துக்கு வெள்ளிக்கிழமை மாலையில் போகலாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவ்விழாக்களில் கார்கள் அன்றைக்கிருந்ததைவிடப் பளபளப்பாக இருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவரை ஒருமுறை இப்படியொரு கண்காட்சிக்கு அழைத்துச் சென்றேன். வரிசையாக நின்ற 1955, 1957 செவ்ரோலேக்களைப் பார்த்துவிட்டு, "என்னுடையதில் ஒரு கதவு வேறு நிறத்தில் இருந்தது, அப்படி ஒன்றுகூட இங்கே இல்லையே" என்றார். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தன் காரைக் காவல் காத்துக்கொண்டிருந்தவர்களில் ஐம்பதுக்குக் கீழே ஒருவரும் இல்லை.

கேள்வி: இன்றைய பதின்வயதினர் ஏன் இதைச் செய்வதில்லை?

கைப்பேசி வந்துவிட்டது என்பது வழக்கமான பதில். யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இன்று பெட்ரோல் தேவையில்லை என்ற அளவில் அது சரி. ஆனால் கைப்பேசி பரவுவதற்கு முன்பே மாற்றம் தொடங்கிவிட்டது. ஃபுளோரிடா 1996 இல் படிப்படியாக ஓட்டுநர் உரிமம் வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. புதிதாக உரிமம் பெற்றவர் இரவில் ஓட்டக் கூடாது, வயதொத்த நண்பர்களை ஏற்றக் கூடாது என்ற விதிகள் பல இடங்களில் வந்தன. அவை உயிர்களைக் காப்பாற்றுகின்றன. கூடவே, க்ரூஸிங்குக்குத் தேவையான இரண்டையும், அதாவது இரவையும் நண்பர்களையும், சட்டப்படி எடுத்துவிடுகின்றன. 1983 இல் அமெரிக்காவின் 16 வயதினரில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினரிடம் உரிமம் இருந்தது. 2014 இல் அது 25 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. காப்பீட்டுக் கட்டணமும், வீட்டில் கையாலேயே பழுதுபார்க்க முடியாத இக்கால எஞ்சின்களும் மற்ற காரணங்கள்.

கேள்வி: அப்படியானால் உலகில் எங்குமே பதின்வயதினர் காரில் வீதி சுற்றுவதில்லையா?

சுவீடனில் சுற்றுகிறார்கள். அங்கே ஐம்பதுகளிலேயே 'ராகாரே' என்றழைக்கப்பட்ட இளைஞர்கள் பெரிய அமெரிக்கக் கார்களில் ஊர்வலம் வந்து பெரியவர்களைக் கலங்கடித்தார்கள்; 1978 இல் வெஸ்டெரோஸ் நகரில் தொடங்கிய கார்த் திருவிழா ஐரோப்பா முழுவதிலிருந்தும் பழைய அமெரிக்கக் கார்களை ஈர்த்தது. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டிராக்டர் பற்றாக்குறை ஏற்பட்டபோது, பழைய கார்களை டிராக்டராக மாற்றிக்கொள்ளலாம் என்று சுவீடன் அரசு அனுமதித்தது. மலிவுக் கடை ஒன்றின் பெயரால் 'எபா' டிராக்டர் என்று அழைக்கப்பட்ட இவ்வண்டிகளின் வழித்தோன்றலை, மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தியிருந்தால் 15 வயதிலேயே ஓட்டலாம். 2020 இல் தொழில்நுட்ப விதிகள் தளர்ந்ததும் இவற்றின் எண்ணிக்கை வேகமாகக் கூடியது. விபத்துகளும் கூடியதால் 2023 இல் இருக்கைப் பட்டை கட்டாயமாக்கப்பட்டது. பேருந்து அரிதாகவே வரும் சிற்றூர்களில், வெள்ளிக்கிழமை இரவு, பின்னால் சிவப்பு முக்கோணப் பலகை மாட்டிய பழைய வால்வோக்கள் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு பெட்ரோல் நிலையத்துக்கும் ஊர்மையத்துக்கும் இடையே ஊர்ந்துகொண்டிருக்கும். பின்னால் மாட்டிக்கொண்ட பெரியவர்கள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, முந்திச் செல்ல வழியில்லாமல் அதே 30 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து வருவார்கள்.